இளைத்தவனுக்கு எள்ளு

போன பொங்கலுக்குத் தம்பி சென்னையிலிருந்து வந்தபோது அவன் பையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. உள்ளே ஆறு குழிகள், குழிக்கு ஒரு உருண்டை. அவன் போகும் ஜிம்முக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியதாம். பேரீச்சை, பாதாம், ஓட்ஸ், கோகோ, சியா விதை, வே புரோட்டீன் என்று மூடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆறு உருண்டை 420 ரூபாய். விலையைக் கேட்டதும் அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் போட்டால் வெடித்திருக்கும். ஆனாலும் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு புடிச்ச உருண்டைடா? வெரல் தடமே இல்லையே."

"மெஷின்ல உருட்டுறதும்மா. எனர்ஜி பால்னு பேரு. ரெண்டு வேள இதச் சாப்பிட்டா நொறுக்குத்தீனி பக்கம் மனசு போகாது. வெயிட்டு கொறையும்."

உருண்டை தின்று உடம்பு இளைக்கும் என்று அம்மா எழுபத்தாறு வயதில் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார். உருண்டையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் நினைத்ததைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதே பையன் கையில் உருண்டையைக் கொடுத்துவிட்டு, அவன் எடை ஏறுமா என்று நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் ஒன்று உண்டு.

அது 1982. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு இரண்டு நிறையவில்லை. அவனுக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கியது. அதன் பின்னாலேயே வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கன்னம் ஒட்டிப்போய் விலா எலும்பை எண்ணலாம் என்று ஆகிவிட்டான். முன்பு எழுந்து நடந்த பிள்ளை திரும்பவும் தவழத் தொடங்கினான். எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. தெருவுக்கு நாலு வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இடுப்பில் தொங்கும். உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் தொடங்கியிருந்தது. எங்கள் மாவட்டமும் அதில் இருந்தது. ஊர்ச் சாவடியை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் அதன் மையம். உத்தரத்தில் ஒரு தொங்கு தராசு. கால் நுழைக்கத் துளை வைத்த துணிப்பையில் பிள்ளையை உட்கார வைத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். அழாத பிள்ளை கிடையாது. முள் ஆடி நிற்கும் வரை காத்திருந்து, மையத்து டீச்சர் எடை அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்.

அந்தத் திட்டத்தின் யோசனை எளிமையானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் மாதாமாதம் நிறுப்பது, புள்ளிகளைக் கோடாக இணைப்பது. கோடு ஏறினால் கவலையில்லை. படுத்தாலோ இறங்கினாலோ அந்தப் பிள்ளைக்கு 90 நாள் தினமும் சத்துருண்டை. வறுத்த தானியமும் பருப்பும் அரைத்து வெல்லம் சேர்த்துப் பிடித்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் ஐந்து பேருக்குப் பங்காகிவிடும் என்று தெரிந்துதான் மையத்திலேயே வைத்துத் தின்ன வைத்தார்கள்.

எங்கள் ஊரில் அந்த உருண்டையைப் பிடித்தவர்கள் ஊர்ப் பெண்கள். அம்மாவும் அதில் ஒருவர். தம் பிள்ளையின் கோடு படுத்துவிட்ட மாதத்தில், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்று கூட ஒன்று குறைய இருக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால், உள்ளங்கையில் மாவை ஏந்தி ஏந்தி அளவு பார்ப்பார். இன்றைக்கும் சமையலறைத் தராசில் நான் 25 கிராம் வைத்தால், அதே அளவை அம்மா கையாலேயே எடுத்துவிடுவார். முள் கொஞ்சம்தான் அசையும்.

ஏழு வயதுக்காரிக்கு அந்த உருண்டை கிடையாது. அந்த ஜூலை 1ஆம் தேதிதான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்; மதியத்துக்குப் பள்ளியில் எனக்குச் சோறு உண்டு. வயிறு நிறையத்தான் செய்தது. ஆனால் சோறு வேறு, இனிப்பு வேறு. பள்ளிக்கூடம் விட்டதும் மையத்து வாசலில் நின்று தம்பி தின்பதைப் பார்ப்பேன். வெல்லமும் வறுத்த மாவும் சேர்ந்த அந்த வாசனை நடைவரை வரும். ஒரு நாள் அவன் பாதி தின்றுவிட்டுப் பாதியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டான். டீச்சர் கவனிக்கவில்லை. வீட்டுக்குத் தூக்கி வரும் வழியில் அவன் கையைப் பிரித்தபோது வேர்வையில் ஊறிக் கூழாகியிருந்தது. நான் தின்றேன். எனக்கென்று கொண்டுவந்தானா, விளையாட்டுக்கு வைத்திருந்தானா என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சேர வேண்டிய உணவில் பாதியைத் தின்றுவிட்டேன் என்பது மட்டும் பின்னாளில் புரிந்து, ரொம்ப நாள் உறுத்தியது. தொண்ணூறாம் நாள் நிறுத்தபோது அரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தான். அம்மா அந்த அட்டையைச் சாமி மாடத்தில் வைத்துத் திருநீறு பூசினார்.

அப்பத்தாவுக்கு அரசாங்கத்து உருண்டையில் நம்பிக்கை இல்லை. "எளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. இதத் தெரிஞ்சுக்கத் தராசு எதுக்கு?" என்பார். அவர் வைத்தியம் எள்ளுருண்டை. கருப்பு எள்ளைக் கழுவிக் கல் அரித்து, வெயிலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து உரலில் கொட்டுவார். உலக்கை போடப் போட முதலில் வெறும் பொடிதான் இருக்கும். பிறகு பொடி நைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டும். இன்னும் இடித்தால் எள் எண்ணெய் கக்கத் தொடங்கும். எள்ளின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். அது கசிகிற நேரம் பார்த்து மண்டை வெல்லத்தைத் தட்டிப் போட்டு மேலும் இடிக்க வேண்டும். பாகு கிடையாது, நெய் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எள்ளின் எண்ணெயும் வெல்லத்தின் பசையும்தான் உருண்டையைப் பிடித்துவைக்கும். தண்ணீர் படாததால் மாதக்கணக்கில் கெடாது. ஈரக்கையோடு சம்புடத்தைத் தொட்டால் அப்பத்தா கையைத் தட்டிவிடுவார்.

களையெடுக்கப் போகும்போது முந்தானை முடிச்சில் இரண்டு உருண்டை இருக்கும். காலைக் கஞ்சிக்கும் மதியக் கஞ்சிக்கும் நடுவில், வரப்பில் உட்கார்ந்து ஒன்றைக் கடித்துச் செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி வயலில் இறங்குவார். அந்த இரண்டு உருண்டையைப் பிடிக்க அவர் தோள் எவ்வளவு உழைத்தது என்பதை நான் உலக்கை பிடித்துப் பார்த்திருக்கிறேன். பத்துக் குத்துக்கு மேல் என்னால் முடிந்ததில்லை. தின்பதற்கு முன்னும் தின்ற பின்னும் உழைப்பு இருந்த உணவு அது. அதில் ஒரு கலோரிகூட அந்த உடம்பில் தங்கியிருக்க வழியில்லை.

ஆறாம் வகுப்புக்கு மதுரையில் விடுதியில் சேர்த்தார்கள். அம்மா ஒரு டின் நிறையப் பொரிவிளங்காய் உருண்டை கொடுத்தனுப்பினார். வறுத்த அரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை எல்லாம் அரைத்த மாவில் தேங்காய்ச் சில்லும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்து, கொதிக்கும் வெல்லப்பாகை ஊற்றிச் சூட்டோடு பிடிப்பது. ஆறினால் கல். அதைப் பிடித்த அன்று அம்மாவின் உள்ளங்கை செக்கச் செவேலென்று இருந்தது. விடுதியில் மற்ற பிள்ளைகளின் பெட்டியில் கிரீம் பிஸ்கட்டும் கேக்கும் இருந்தன. ஒருத்தி என் உருண்டையைத் தரையில் உருட்டிவிட்டு, "கோலிக்குண்டு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பின் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் வைத்துத்தான் தின்றேன், பல்லில் கடிபடும் சத்தம் வெளியே கேட்காமல் ஊறவைத்து ஊறவைத்து. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது உருண்டை வேண்டாம், பிஸ்கட் வாங்கிக் கொடுங்கள் என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் இன்றும் வலிக்கிறது.

மறைத்துத் தின்ற பண்டம் இன்று கண்ணாடிப் பெட்டியில் வெளிச்சம் போட்டு விற்கப்படுகிறது. அதைச் செய்யக் கற்றுத்தரும் குறிப்புகள் எல்லாம் 'ஓவன் தேவையில்லை' என்றே தொடங்குகின்றன. எங்கள் ஊரில் எந்த வீட்டில் ஓவன் இருந்தது? ஓவன் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருக்கலாம். நமக்கு உருண்டை என்றாலே உரலும் சட்டியும் கையும்தான்.

அந்தக் குறிப்புகளில் எனக்கு ஒப்பாத ஒன்று உண்டு. கிடைத்ததைப் பச்சையாகவே அரைத்து உருட்டச் சொல்கிறார்கள். ஓட்ஸ் பரவாயில்லை, ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கித்தான் கடைக்கு வருகிறது. மற்ற தானிய மாவும் பருப்பு மாவும் அப்படியல்ல. அப்பத்தா எதையும் பச்சையாக உருட்டியதில்லை. வறுத்தால் ஈரம் போகும், கிருமி சாகும், பச்சை வாடை போய் மணம் வரும், வயிற்றுக்கும் இதமாக இருக்கும். ஓவன் வேண்டாம், சரி. அடுப்பும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

தம்பி ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் செய்து கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். முதல் தடவை கெடுத்தேன். வறுத்த நிலக்கடலையை மிக்சியில் போட்டு விடாமல் ஓடவிட்டேன். பிளேடு சூடாகிக் கடலை வெண்ணெயாக இளகி, வெல்லம் சேர்த்ததும் எண்ணெய் தனியே மிதந்தது. உரலில் இடிபடும்போது சூடு ஏறாது, எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஓடவிடாத, தட்டித் தட்டி விடு" என்றார். அரை நொடி ஓட்டி நிறுத்தி, கிளறி, மறுபடி அரை நொடி. குருணைப் பக்குவம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

கடலையை எனக்கு முன்பே அம்மா முறத்தில் போட்டுப் புடைத்துப் பொறுக்கியிருந்தார். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சைப் பூஞ்சை ஏறியது எல்லாம் தனியே. ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்து, கசந்தால் துப்பினார். கடையில் சுத்தம் செய்ததாகத்தானே விற்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் தேடிப் போனபோதுதான், தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை கக்கிய விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் விஷம் அது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. பொறுக்கி எறிவதுதான் வழி. பேர் தெரியாமலே என் வீட்டுப் பெண்கள் அதை முறத்தில் பிடித்து வெளியே எறிந்திருக்கிறார்கள்.

இரண்டாம் தடவை சரியாக வந்தது. வறுத்துத் தோல் நீக்கிய கடலை 300 கிராம், பொட்டுக்கடலை 60, மொறுமொறுவென வறுத்துப் பொடித்த கொள்ளு 40, வறுத்த கருப்பு எள் 50, பொடித்த வெல்லம் 100, கொட்டை எடுத்த பேரீச்சை 80. கூடவே சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கொள்ளைச் சேர்த்தது என் யோசனை. அப்பத்தாவின் கணக்கில் தம்பி இப்போது கொள்ளு தின்ன வேண்டியவன்தான். ஆனாலும் எள்ளை விட்டுவிட மனம் வரவில்லை. சேர்த்துப் பார்த்தால் பொருத்தமும் இருக்கிறது. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் எள்ளில் குறைவது லைசின். அது பருப்பு வகைகளில் நிறைய உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனின் எள்ளில் நிறைய உண்டு. ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகிறது.

பேரீச்சை போட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைப் பெட்டியில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பேரீச்சையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். நார்ச்சத்தும் கூடவே வருகிறது என்பது நல்லது, ஆனால் இனிப்பு இனிப்புதான். தம்பிக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அவனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மொத்தக் கலவை 630 கிராம்; 25 கிராம் வீதம் 25 உருண்டை. ஒன்றில் ஏறத்தாழ 4 கிராம் புரதம், 120 கலோரி. ஒரு முட்டையில் 6 கிராம் புரதமும் 70 கலோரியும்தான். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதை இந்த உருண்டையாலேயே நிரப்பப் பார்த்தால் 13, 14 தின்ன வேண்டும். 1,500 கலோரிக்கு மேல் போய்விடும்.

"அப்போ இது புரோட்டீன் பால் இல்லையாக்கா?"

"உருண்டைடா. பசிச்சா ஒண்ணு தின்னு. பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு வேலை பாக்காத."

அவன் காலையில் காரில் ஏறினால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான், இருட்டிய பிறகு எழுந்து வருகிறான். பிறகு ஜிம்மில் ஓடும் பட்டையில் நின்ற இடத்திலேயே ஓடுகிறான். சோம்பேறி அல்ல அவன். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அவனை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கின்றன. அப்பத்தா இரண்டு உருண்டையை முடிந்துகொண்டு இறங்கிய வயல் அவனுக்கு இல்லை. வயல் இல்லாதவன் கைக்கு உருண்டை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் பஞ்சம் பார்த்த உடம்பு, பிற்காலத்தில் கிடைப்பதையெல்லாம் சேர்த்துவைக்கப் பார்க்கும் என்று படித்திருக்கிறேன். அவன் இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் தொங்கு தராசு நினைவுக்கு வருகிறது.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பிடித்தோம். அம்மாவின் உருண்டை கச்சிதமாக இருந்தது. நாலு விரலின் தடமும் அதில் விழுந்திருந்தது. தம்பி பிடித்தவை பிளந்துகொண்டன. "அமுக்காத, உருட்டாத. மொதல்ல புடி. நல்லா இறுகுனதுக்குப் பெறகு உருட்டு" என்று அம்மா அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து மூடினார். நாற்பத்தைந்து வயதுப் பிள்ளையின் கை அந்தச் சிறிய கைக்குள் அடங்கவில்லை. ஈரமில்லாத எவர்சில்வர் சம்புடத்தில் 25 உருண்டையும் சென்னைக்குப் போயின. பேரீச்சை இருப்பதால் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன். அவன் பிள்ளைகள் பெரியவர்கள் என்பதால் கவலையில்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கடலையை நைஸாக அரைத்துத்தான் பிடிப்பேன். முழுக்கடலை மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும்.

மாசி முற்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். உருண்டை தீர்ந்துபோய்ப் பத்து நாளாகிறது என்றான். ஒரு நாளைக்கு ஒன்றுதான் தின்றானாம். சாயங்காலம் கேன்டீன் பஜ்ஜியை நிறுத்திவிட்டானாம். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நேத்து வெயிட் பார்த்தேன். மூணு கிலோ எறங்கிருச்சு!"

குரலில் அவ்வளவு சந்தோஷம். அம்மா ஒன்றும் பேசவில்லை. போனை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மூணு கிலோவாம்த்தா" என்றார் மெதுவாக. சமையலறைக்குள் கடலை டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு முறத்தில் கடலை கொட்டும் சத்தம்.